வண்டிக்கும் உண்டு அங்க அடையாளம்!



நம் பகுதியில் கார் என்பது இன்று பலருக்குப் பிழைப்பு. மாமல்லபுரத்திற்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்ல ஒரு வண்டி வாங்கலாமே என்று குழுவில் கடன் கேட்கும் உறுப்பினர்கள் உண்டு. புது வண்டி வாங்க வசதி இல்லாததால் பழைய வண்டியைத்தான் தேடுகிறோம். அங்கேதான் ஏமாறவும் செய்கிறோம்.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். உறுப்பினர் ஒருவர் தன் கணவருக்காக ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கடன் கேட்டார். புரோக்கரிடம் ஐந்தாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டார். கூட்டத்தில் ஊக்குநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வண்டி நம்பரு சரி, சேஸிஸ் நம்பரு பாத்தியாம்மா?" "அது இன்னாக்கா? ஆர்.சி. புக்குதான் கையில இருக்கே" என்றார் அவர். மறுநாள் நாலு பேர் போய்ப் பார்த்தார்கள். புத்தகத்தில் 8 என்று இருந்த இடத்தில் வண்டியில் 3 இருந்தது. அந்த இடத்தைச் சுற்றித் தேய்த்த தடமும் தெரிந்தது. வண்டி வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். முன்பணம் போனது போனதுதான். ஆனால் குழுவின் பணம் தப்பியது.

சேஸிஸ் எண் என்றால் என்ன?

நம்பர் பிளேட் என்பது சட்டை மாதிரி, கழற்றி மாட்டலாம். சேஸிஸ் எண் என்பது வண்டியின் இரும்பிலேயே அடித்த எண். நம் பள்ளிச் சான்றிதழில் 'வலது கையில் ஒரு மச்சம்' என்று அங்க அடையாளம் எழுதுவார்களே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினுக்கு இன்ஜின் எண் என்று தனியாக ஒன்று உண்டு. இரண்டும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும்.

எங்கே தேடுவது?

1. முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், வெளியிலிருந்தே தெரியும்படி.
2. பானெட்டைத் திறந்தால், இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில்.
3. முன் சீட்டுக்குக் கீழே, தரை விரிப்பைத் தூக்கினால்.
4. கதவைத் திறந்தால் தெரியும் தூணில், ஸ்டிக்கராக.

எல்லா வண்டியிலும் எல்லா இடத்திலும் இருக்காது. வண்டிக்கு வண்டி மாறும். ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். இரும்பில் அடித்ததைத்தான் பார்க்க வேண்டும். அதன் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே பதியும். அந்தத் தாளை ஆர்.சி.யோடு வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

எப்படிப் படிப்பது?

இப்போதைய கார்களில் இந்த எண் 17 இடங்கள் கொண்டது. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து வரும். முதல் 3 இடங்கள் தயாரித்த கம்பெனியைச் சொல்லும். 'எம் ஏ 3' என்றால் மாருதி சுசூகி, 'எம் ஏ எல்' என்றால் ஹூண்டாய், 'எம் ஏ டி' என்றால் டாடா. நம் மறைமலை நகரில் தயாரான போர்டு கார்களுக்கு 'எம் ஏ ஜே'. அந்தத் தொழிற்சாலையில் போர்டு கார் உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது. ஆனாலும் அந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. சரியான உதிரிபாகம் கேட்டு வாங்க இந்த எண்தான் உதவுகிறது.

4 முதல் 9 வரை வண்டியின் வகையைச் சொல்லும். 10 முதல் 17 வரை அந்த ஒரு வண்டிக்கே உரியது. கடைசியில் வருவது அதன் வரிசை எண்.

ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் இதில் வரவே வராது. 1, 0 ஆகிய எண்களோடு குழம்பிவிடும் என்றுதான் விட்டுவிட்டார்கள். ஆகவே 'ஓ' மாதிரி தெரிந்தால் அது பூஜ்யம்தான்.

தயாரித்த ஆண்டுக்கும் குறியீடு உண்டு. ஆனால் அது வரும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். நமக்குச் சுலபமான வழி, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதம், ஆண்டைப் பார்ப்பது. 2014 கடைசியில் தயாராகி 2015-இல் பதிவான வண்டியை '2015 மாடல்' என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். கவனம்!

எண் ஒத்துப்போகவில்லை என்றால்?

புத்தகத்தில் எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். எல்லோரையும் திருடர் என்று நினைக்க வேண்டாம். ஆனால் திருத்திக்கொண்டு வரவேண்டியது விற்பவர் பொறுப்பு. "நீங்களே ஆர்.டி.ஓ. ஆபீசில் சரிசெய்து தாருங்கள், பிறகு பணம் தருகிறோம்" என்று சொல்லுங்கள். தேய்த்த தடம், மேலே புது பெயிண்ட், கோணலான எழுத்து இருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன்பும் பின்பும்

* பதிவு எண்ணைக் கொண்டு பரிவாகன் தளத்தில் வண்டியின் விவரம் பாருங்கள். நம் செங்கல்பட்டு அலுவலகப் பதிவு 'டி.என். 19' என்று தொடங்கும்.
* ஆர்.சி.யில் வங்கி அல்லது பைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் பதிவு இன்னும் நீங்கவில்லை என்று பொருள். தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கேளுங்கள்.
* பெயர் மாற்ற படிவம் 29, 30 வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாட்கள்.
* வாடகைக்கு ஓட்டுவதானால் மஞ்சள் போர்டும் பர்மிட்டும் கட்டாயம்.

விற்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.

குழுவில் ஒருவர் வாங்கும் கடனுக்கு அனைவரும் பொறுப்பு. ஆகவே வண்டிக் கடன் விண்ணப்பத்தோடு பென்சிலால் எடுத்த சேஸிஸ் எண் தாளையும் இணைக்க வேண்டும் என்று உங்கள் குழுவில் தீர்மானம் போடுங்கள்.

அடுத்த கூட்டத்திற்கு முன் ஒரு பயிற்சி: உங்கள் வீட்டு வண்டி, அது இருசக்கர வாகனமாக இருந்தாலும் சரி, அதன் சேஸிஸ் எண்ணை நீங்களே தேடிக் கண்டுபிடித்து ஆர்.சி.யோடு சரிபார்த்து வாருங்கள். வீட்டுக்காரரிடம் கேட்கக் கூடாது!