பள்ளித் தோட்டமும் விஞ்ஞானப் பாடமும்

அவரையினச் செடிகளின் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் என்னும் பாக்டீரியா வாழ்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்றித் தருகிறது. இவ்விடையைப் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவர் நம் நாட்டில் ஏராளம். ஆனால், ஒரு பட்டாணிச் செடியைப் பிடுங்கி அந்த முடிச்சைக் கண்ணால் கண்டவர் அவர்களுள் எத்தனை பேர்? நம் மன்றத்து நண்பர்களுள் சிலர் நாளை ஆசிரியர் பணிக்குச் செல்ல இருப்பவர்கள். ஆதலின் இதனை இங்கே எண்ணிப் பார்ப்பது தகும்.

தொழில் வழியே கல்வி என்பது நமக்குப் புதிதன்று. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் நடந்த மாநாட்டை அடுத்து, டாக்டர் ஜாகிர் உசேன் குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. நூற்றல், நெசவுடன் உழவும் தோட்டவேலையும் அதில் இடம் பெற்றன. கைவேலையோடு பாடமும் இணைந்து வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2019-இல் மத்திய அரசும் மதிய உணவுத் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் அமைக்க நெறிமுறைகள் வகுத்தது. நல்லதே. ஆயினும், தோட்டம் இருக்கிறது என்பதனாலேயே அங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது என்று கொள்வதற்கில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது பாத்தி ஒன்று இல்லையேல், வெண்டைக்காய் கிடைக்கும், விஞ்ஞானம் கிடைக்காது.

அளந்து பார்ப்பதன் பயனையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் பழைய சான்று ஒன்று உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரத்து மருத்துவர் வான் ஹெல்மான்ட், உலர்த்திய மண் 200 ராத்தலைத் தொட்டியில் இட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 ராத்தலாயிற்று. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் மண்ணைத் தின்று வளர்வதன்று என்பதை நிறுவியது அத்தராசு. ஆனால், மரம் முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் மறைந்தபின், 1648-இல் வெளிவந்த நூலில் இச்செய்தி இருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவனிடம் இதைச் சொல்லி, “அவர் எதை விட்டுவிட்டார்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒளிச்சேர்க்கைப் பாடத்திற்கு இதனினும் சிறந்த முன்னுரை எனக்குத் தெரியவில்லை.

இனி, நாம் இருக்கும் தில்லிப் பக்கத்தில் செய்யத்தக்க ஒரு சோதனையைச் சொல்லுகிறேன். இங்குப் பட்டாணி விதைக்கும் காலம் அக்டோபர் இறுதியும் நவம்பர் முற்பகுதியும் ஆகும். ஒரு மீட்டர் நீளமும் அகலமும் உள்ள மூன்று பாத்திகள் போதும். முதலாவதில் பட்டாணி, உரம் வேண்டா. இரண்டாவதிலும் பட்டாணி, முளைத்த ஒரு வாரத்தில் 10 கிராம், மூன்றாம் வாரத்தில் 10 கிராம் யூரியாவை ஒரு வாளி நீரில் கரைத்து விட வேண்டும். மூன்றாவதில் உரமின்றிக் கோதுமை. மண், வெயில், நீர் மூன்றும் எல்லாப் பாத்திக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். நீரை ஒரே வாளியால் அளந்து ஊற்றுக. யூரியா கரைக்கும் நாளில் மற்ற இரண்டுக்கும் வெறும் நீர் ஒவ்வொரு வாளி.

ஆறாம் வாரத்தில் பாத்திக்குப் பத்துச் செடிகளை எடுக்க வேண்டும். இங்குதான் ஆசிரியர் விழிப்பாக இருக்க வேண்டும். பையன்கள் கொழுத்த செடியாகப் பார்த்துக் கை வைப்பார்கள். அது கூடாது, வரிசையில் மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது என்று முன்னரே முடிவு செய்துகொள்க. செடியை இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணோடு தங்கிவிடும். களைக்கொத்தால் சுற்றிலும் மண்ணை நெகிழ்த்தி, வேரை வாளி நீரில் மெல்ல அலசுக. முடிச்சுகளை எண்ணி எழுதியபின், சிலவற்றைப் பிளேடால் பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இருந்தால் அது வேலை செய்யும் முடிச்சு. அந்நிறத்தைத் தருவது, நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள். மாணவர்கள் இதை எளிதில் மறக்கமாட்டார்கள்.

கோதுமை வேரில் முடிச்சு இராது. யூரியா பெற்ற பட்டாணியில் முடிச்சுகள் பெரும்பாலும் குறைந்தும் சிறுத்தும் காணப்படும். ஏன்? மண்ணிலேயே தழைச்சத்து எளிதாகக் கிடைக்கும்போது, செடி தன் சர்க்கரையைச் செலவிட்டுப் பாக்டீரியாவை வளர்ப்பதில்லை. ஆசிரியர் இதை முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது என்பது என் கருத்து. எண்ணிக்கைப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாதிருக்கட்டும். ஒருவேளை எந்தப் பாத்தியிலும் முடிச்சே இல்லாமற் போகலாம். பட்டாணி விளைந்தறியாத மண்ணில் அவ்வாறு நேர்வதுண்டு. அப்போது பட்டாணி வயலின் மண்ணை ஒரு கூடை கொண்டுவந்து கலந்து மறுமுறை விதைத்துப் பார்க்கலாம். ஜெர்மானியரான ஹெல்ரீகல் மணற்சட்டிகளில் பட்டாணியும் ஓட்ஸும் வளர்த்து, வயல்மண் கரைசலை ஊற்றிப் பார்த்தே இவ்வுண்மையைக் கண்டார். அதை அறிவித்தது 1886-இல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல பள்ளிகளில் தோட்டவேலை தண்டனையாக இருக்கிறது. வகுப்பில் பேசியவன் களை பறிக்கப் போகிறான். சில இடங்களில் அதனினும் கொடிது: குடம் சுமப்பவர் ஒரு சாராராகவும், குறிப்பேடு எழுதுபவர் மற்றொரு சாராராகவும் அமைந்துவிடுகிறது. யார் எந்தச் சாரார் என்பதை விளக்க வேண்டியதில்லை. மண்வெட்டியும் அளவுகோலும் குறிப்பேடும் வாரந்தோறும் கைமாற வேண்டும். அதற்கு முறைப்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டாத தோட்டத்தைத் தொடங்காமலே இருக்கலாம்.

நிலமில்லாத பள்ளியில் அடியில் துளையிட்ட மண்சட்டிகள் போதும். ஊர்ப் பக்கம் செல்வோர் பட்டாணிக்குப் பதிலாக ஆடிப் பட்டத்தில் தட்டைப்பயறு விதைக்கலாம். முடிச்சு ஒரு மாதத்திலேயே தெரியும். கோடை விடுமுறையில் நீரூற்ற ஆளின்றிக் கருகுவதே பள்ளித் தோட்டங்களின் வழக்கமான முடிவு. தில்லியில் நவம்பரில் விதைத்தது பிப்ரவரியில் காய்த்து முடிந்துவிடும், தேர்வுக்கும் இடையூறில்லை. எஞ்சிய செடிகளின் வேரை மட்டும் மண்ணிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த பருவத்தில் அங்கே முள்ளங்கி போடலாம்.