பூச்சிக்காளைக்கு எத்தனை மார்க்?



நம்ம கொங்கு நாட்டுல இனச்சேர்க்கைக்கு விடுற பொலிகாளையைப் ‘பூச்சிக்காளை’ன்னு சொல்லுவாங்க. ஒரு பசு வருஷத்துக்கு ஒரு கன்றுதான் ஈனும். ஒரு காளையோ பல பசுக்களின் கன்றுகளுக்குத் தகப்பன். காளை நலிந்திருந்தால் பசு சினை பிடிக்காமல் 21 நாள் கழித்து மறுபடியும் பருவத்துக்கு வரும். தீனிச் செலவு வீண். அதைவிடக் கொடுமை, பசுவுக்குத்தான் கோளாறுன்னு நினைச்சு நல்ல மாட்டைச் சந்தைக்கு ஓட்டிடுவாங்க!

மார்க் போடும் முறை (மொத்தம் 5)

1 - விலா, முதுகு, இடுப்பு எலும்புகள் துருத்தி நிற்கும்.
3 - விலா எலும்பு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கையால் அழுத்தினால் தட்டுப்படும்.
5 - வாலடியில் கொழுப்பு திரண்டிருக்கும். அழுத்தினாலும் எலும்பு தட்டுப்படாது.

பருவம் தொடங்கும்போது காளைக்கு 3 அல்லது 3.5 இருக்க வேண்டும். ஏன்னா, பருவத்துல காளை பசுக்கள் பின்னாலேயே அலையும், சரியா மேயாது, எடை குறையும்.

கொழுத்த காளை நல்லதுதானே?

இல்லை! விந்தணு நன்றாக உருவாக, விரையின் வெப்பம் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்கணும். விரைப்பையின் மேல்பகுதியில் கொழுப்பு சேர்ந்தால் சூடு வெளியேறாது. உடல் கனத்தால் காலும் நோகும்.

70 நாள் கணக்கு

ஒரு விந்தணு உருவாகி முதிர்வதற்குச் சுமார் 70 நாள் ஆகும். ஆகவே இன்னைக்குப் போடுற தீனியின் பலன் இரண்டு மாசத்துக்கு மேல கழிச்சுத்தான் தெரியும். பருவம் வந்த பிறகு அவசரமா அள்ளிப் போட்டுப் பயனில்லை.

என்ன கொடுக்கலாம்?

* கொறங்காட்டுக் கொழுக்கட்டைப்புல், சோளத்தட்டு.
* தினமும் பச்சைத் தீவனம். இதிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ குறைந்தால் விந்தணு கெடும்.
* தாது உப்புக் கலவை, வேண்டிய அளவு தண்ணீர்.
* பருத்திக்கொட்டையை அளவாகத்தான் கொடுக்கணும். அதிலுள்ள காசிப்பால் என்ற பொருள் அதிகமானால் விந்தணுவைப் பாதிக்கும். ‘பலம் வரும்’னு நிறைய ஆட்டி ஊத்துறவங்க கவனிக்க!

பருவத்தின்போது உச்சி வெயிலில் விடாமல் காலை, மாலை வேளைகளில் விடலாம். வாரம் ஒருமுறை மார்க் போடுங்கள். 2-க்கு இறங்கிட்டா ஓய்வு கொடுத்து, தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டணும். நொண்டினாலோ காய்ச்சல் கண்டாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டணும்.

எச்சரிக்கை: பெரியவங்க கயிற்றைப் பிடிச்சிருக்கும்போது மட்டும் காளைமேல் கை வையுங்க!

யோசிங்க: தை 1-ல் காளையைப் பசுக்களோடு விடுவதாக இருந்தால், எப்போதிலிருந்து நல்ல தீனி கொடுக்கணும்?
(விடை: ஐப்பசி 20 வாக்கில்)

- 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு