தீயிலே தப்பிய ஏடுகள்

அச்சு நூல் ஒன்று அழிந்தால் மற்றொரு படி எங்கேனும் கிடைக்கக்கூடும். கையெழுத்து ஏடு அழிந்தால் அழிந்ததுதான். ஆகவேதான் பல்கலைக்கழகங்கள் அவற்றை ஆவணக் காப்பகங்களில் தனியே பேணுகின்றன.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் அத்தகைய ஏடுகள் உண்டு. 1870 முதல் ஜெர்மானிய அறிஞர் பிளீக்கும், அவர் மனைவியின் சகோதரி லூசி லாய்டும், நாக்கைச் சொடுக்கி ஒலிக்கும் 'காம்' மொழியின் கதைகளை அம்மக்கள் வாயாலேயே கேட்டு எழுதினர். கதை சொன்னவர்களில் பலர் சிறைக் கைதிகள். 1875-இல் பிளீக் மறைந்தபின் லூசி அம்மையார் பணியைத் தொடர்ந்தார். இன்று அம்மொழியைப் பேசுவோர் எவருமிலர். அவ்வேடுகளே அதன் குரல்!

2021 ஏப்ரல் 18 அன்று மலைச்சரிவில் மூண்ட தீ, அங்குள்ள ஜாகர் வாசகசாலையை எரித்தது. ஆப்பிரிக்கா பற்றிய ஏறக்குறைய 70,000 நூல்கள் சாம்பலாயின. ஆனால் தீத்தடுப்புக் கதவுகள் மூடிக்கொண்டதால் அடித்தள ஆவணங்கள் பெரும்பாலும் தப்பின. தீயணைத்த நீரில் நனைந்தவற்றைத் தொண்டர்கள் பெட்டி பெட்டியாக வெளியேற்றினர். பூஞ்சணம் பிடிக்காதபடி பல உறைய வைக்கப்பட்டன. லூசி அம்மையாரின் ஏடுகளும் பிழைத்தன.

தோழியரே, கதவு காத்தது உண்மை. ஆயினும், எழுதி வைத்த கை இல்லையேல் காப்பதற்கு என்ன இருந்திருக்கும்? நம் பாட்டிமார் சொல்லும் கதைகளை எழுத நமக்கும் ஒரு நோட்டுப்புத்தகம் போதுமன்றோ?