விழா நாளும் பாட வேளையே: உலகப் பாரம்பரிய வாரத்துக்கு ஒரு வகுப்பறைத் திட்டம்

நவம்பர் மாதத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு அடுத்தடுத்து விழாக்கள் வருகின்றன. 14 அன்று குழந்தைகள் நாள், 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம், 26 அன்று அரசியலமைப்பு நாள். ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இவை நெருங்கும்போது, ஒத்திகை பார்ப்பதா, பாடம் நடத்துவதா என்ற கேள்வி எழுகிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் பத்து நாள் ஒத்திகை என்றால், ஏறத்தாழ இரண்டு முழுப் பள்ளி நாள்களின் கற்பித்தல் நேரம் போய்விடும். அதிலும் நன்றாகப் பேசும் நான்கைந்து குழந்தைகளே மேடை ஏறுவர். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் 'அரும்பு' நிலையில் இருக்கும் குழந்தை கைதட்டும் வரிசையில் உட்கார்ந்திருக்கும். கற்றல் நேரம் யாருக்கு மிகவும் தேவையோ, அந்தக் குழந்தைதான் அதிகம் இழக்கிறது.

இதற்காக விழாவைக் கைவிட வேண்டியதில்லை. விழாவுக்குத் தேவையான பொருளைப் பாட வேளையிலேயே குழந்தைகள் உருவாக்குமாறு திட்டமிட்டால் போதும். உலகப் பாரம்பரிய வாரத்தைக் கொண்டு இதைச் செய்யும் முறையைச் செஞ்சிக் கோட்டையை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே காண்போம்.

ஏன் செஞ்சி?

2025 ஜூலையில் 'இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. மீதமுள்ள ஒன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்டது அது. திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் பேருந்தில் போகும் குழந்தைகள் அதைப் பலமுறை பார்த்திருப்பார்கள். ஆனால் கோட்டையைப் பற்றிக் கேட்டால் தேசிங்கு ராஜனின் குதிரையோடு பேச்சு நின்றுவிடும். குழந்தை தினமும் பார்க்கும் பொருளிலிருந்து கேள்வி கேட்கத் தொடங்க இது நல்ல இடம்.

முதல் வாரம்: சொற்களும் கதையும் (தமிழ்)

மதில், அகழி, கொத்தளம், களஞ்சியம், சுனை, குளம் ஆகிய சொற்களைப் படத்துடன் அறிமுகம் செய்யலாம். 'அரும்பு' நிலைக் குழந்தை படத்துக்குக் கீழே சொல்லைப் பார்த்து எழுதட்டும். 'மொட்டு' நிலைக் குழந்தை அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் அமைக்கட்டும். 'மலர்' நிலைக் குழந்தை ஐந்து வாக்கியங்களில் ஒரு பத்தி எழுதட்டும். மூவரின் எழுத்தும் ஒரே அட்டையில் இடம்பெற வேண்டும்.

அடுத்து, தேசிங்கு ராஜன் கதையை வீட்டில் தாத்தா, பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லலாம். கதைப்பாடலும் தெருக்கூத்தும் வளர்த்த அக்கதையோடு வரலாற்றுச் செய்தி ஒன்றையும் பக்கத்தில் வைக்கலாம்: தேஜ் சிங் என்ற அந்த இளம் தலைவர் 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு நடந்த போரில் இறந்தார். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, 'கதை சொல்வது', 'வரலாறு சொல்வது' என்று எழுதினால், நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் தாங்களே வகைப்படுத்துவார்கள். கதையைப் பொய் என்று ஒதுக்க வேண்டாம். மக்கள் ஒருவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதும் அறிய வேண்டிய செய்திதான்.

இரண்டாம் வாரம்: அளத்தல் (கணக்கு, அறிவியல்)

கோட்டை மதிலின் நீளம் சுமார் 13 கி.மீ. இந்த எண்ணைச் சொல்வதால் மட்டும் குழந்தைக்கு எதுவும் விளங்காது. பள்ளி வளாகத்தின் சுற்றளவை நாடாவால் அளக்கட்டும். அது 200 மீட்டர் என்றால், மதிலின் நீளத்துக்கு ஈடாக 65 சுற்று நடக்க வேண்டும். ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். வகுப்பறைக் கட்டடம் 4 மீட்டர் என்றால், 60 கட்டடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அகழியின் அகலம் சுமார் 24 மீட்டர். திடலில் 24 மீட்டருக்கு இரு கோடுகள் போட்டு, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பந்து எறியச் சொன்னால், அகழி எதற்கு என்று விளக்க வேண்டியிருக்காது.

மூன்றாம் வகுப்புப் பெருக்கலுக்குச் செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்று உதவும். அங்கே பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசைக்கு 12 வீதம் இரு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளன. 24ஐ வேறு எப்படியெல்லாம் வரிசைப்படுத்தலாம் என்று புளியங்கொட்டைகளை அடுக்கிப் பார்க்கட்டும்.

காலக் கணக்கும் உண்டு. சத்ரபதி சிவாஜி 1677இல் செஞ்சியைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை கோட்டையை முற்றுகையிட்டது. எட்டு ஆண்டுகள் என்றால் எவ்வளவு காலம்? முற்றுகை தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, அது முடியும்போது எட்டாம் வகுப்பை முடித்திருக்கும். அத்தனை காலம் உள்ளே இருந்தவர்கள் எதைக் குடித்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்ற கேள்வி தானாக வரும். நெற்களஞ்சியமும் குளங்களும் சுனைகளும் அப்போது பாடத்துக்குள் வந்து சேரும். கல்யாண மகாலுக்கு மண்குழாய்கள் வழியே நீர் கொண்டுவரப்பட்டதைச் சொல்லி, இரு வாளிகளையும் ஒரு ரப்பர் குழாயையும் கொண்டு நீர் எப்போது பாய்கிறது, எப்போது நிற்கிறது என்று சோதிக்கலாம்.

மூன்றாம் வாரம்: விழா

மேடை வேண்டாம், தாழ்வாரமே போதும். இரு வாரங்களில் உருவான அட்டைகளை வரிசையாக மாட்டி, ஒவ்வோர் அட்டையின் அருகிலும் அதை உருவாக்கிய குழந்தை நிற்க வேண்டும். பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் நடந்து வரும்போது ஒரு நிமிடம் விளக்க வேண்டும். கூட்டத்தின் முன் பேசத் தயங்கும் குழந்தைக்கு ஓர் ஆளிடம் பேசுவது எளிது. அதே செய்தியை இருபது பேருக்குச் சொல்லும்போது பேச்சும் தெளிவடைகிறது. மனப்பாட உரை எழுதிக் கொடுக்காமல் இருப்பது முக்கியம்.

கோட்டைக்கே அழைத்துச் செல்ல வாய்ப்புள்ள பள்ளிகள் கவனிக்க வேண்டியவை: நவம்பர் மழைக்காலம் என்பதால் படிகள் வழுக்கும். தொடக்க வகுப்புகளுக்கு மலையேற்றம் தேவையில்லை. கல்யாண மகால், களஞ்சியம், வேங்கடரமணர் கோயில் எல்லாம் அடிவாரத்திலேயே உள்ளன. குரங்குகள் இருப்பதால் தின்பண்டங்களைக் கையில் வைத்திருக்கக் கூடாது. தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவு, முதலுதவிப் பெட்டி ஆகியவை கட்டாயம். ஒவ்வொரு குழந்தையும் பதில் தேடும் ஒரு கேள்வியோடு போக வேண்டும்.

விழாவுக்குப் பின்

அட்டைகளைக் கழற்றிவிடாமல் டிசம்பர் வரை வாசிப்புப் பொருளாகப் பயன்படுத்தலாம். இரண்டு வாரம் கழித்து, மற்றொரு குழந்தையின் அட்டையை வாசித்து விளக்கச் சொன்னால், யார் எந்த நிலையிலிருந்து முன்னேறியிருக்கிறார் என்பது தெரியும். அளவைக் கணக்குகளை டிசம்பர் 22 தேசியக் கணித நாளுக்கும், நீர்ச் சோதனையைப் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்கும் எடுத்து வைக்கலாம்.

செஞ்சியில் இல்லாத பள்ளிகளுக்கும் இத்திட்டம் பொருந்தும். ஊர் ஏரியின் மதகு, பழைய பாலம், கோயில் குளம், சந்தைத் திடல் என ஏதேனும் ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. அதைப் பற்றிய ஆறு சொற்கள், மூன்று அளவுகள், ஊர்ப் பெரியவரிடம் கேட்ட ஒரு கதை இருந்தால் தொடங்கிவிடலாம். நவம்பர் முதல் வாரத்திலேயே வகுப்பின் பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஓர் அட்டையை எழுதிவிடுங்கள். அட்டை இல்லாத பெயர் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது.