நலச்சங்கத்துக்குச் செயலி வாங்கும் முன்

குடியிருப்போர் நலச்சங்கத்துக்குச் செயலி தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே ஏற்றிய கணக்கை முழுதாக வெளியே எடுக்க முடியுமா என்பதைத்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. சம்பளமில்லாமல் உழைக்கும் பொருளாளர் மாறுவார். கணக்கு காட்டும் பொறுப்பு சங்கத்தின் மீதே நிற்கும். ஆகவே சந்தா வரவு, ரசீது, செலவு விவரம் மூன்றையும் எக்செல் கோப்பாக இறக்கித் தராத செயலி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நிர்வாகி உள்நுழைவும் ஒருவரின் சொந்தக் கைபேசி எண்ணில் இல்லாமல், சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

மைகேட் போன்ற அடுக்ககச் செயலிகளில் வருகையாளர் பதிவு என இன்னும் எத்தனையோ வசதிகள் உண்டே என்பார்கள். காவலாளி நிற்கும் அடுக்ககங்களுக்கு அவை தேவைதான். 2024-இல் மாநகராட்சியான புதுக்கோட்டையில், தனி வீடுகளும் திறந்த தெருக்களுமாக இருக்கும் ஒரு நகருக்கு வருகையாளர் பதிவு எதற்கு? அப்படியானால் எக்செல்லே போதுமே என்று கேட்டால், சிறிய சங்கத்துக்குப் போதும் என்றே சொல்வேன். ஆனால் கணினியில் தனியாக வைத்திருக்கும் கோப்பில், யார் எப்போது தொகையைத் திருத்தினார் என்பது எளிதில் தெரியாது. திருத்தங்களைப் பதிந்து காட்டும் செயலி, வீண் சந்தேகத்திலிருந்து பொருளாளரைக் காக்கும். அதற்குப் பணம் கொடுக்கலாம். ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களுக்குத் தமிழில் ரசீது அச்சாகிறதா என்றும் பாருங்கள். ஆண்டுச் சந்தா கட்டுமுன் ஒரு மாதக் கணக்கை ஏற்றி, இறக்கி, வங்கிப் பாஸ்புக்கோடு ஒப்பிட்டுவிடுங்கள்.