மெல்லிசு லேப்டாப்: கடையில் சொல்வதும் உள்ளே இருப்பதும்

கல்லூரிச் சேர்க்கை முடிந்த வீடுகளில் அடுத்த பேச்சு லேப்டாப்தான். முப்பதாயிரத்தை ஒட்டிய விலை, ஒன்றரைக் கிலோவுக்குள் கனம், பார்க்க ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்குத் தடிமன். வாங்கி ஆறு மாதம் ஆனவர்களை விசாரித்தால் ஒருவர் "நல்லாத்தான் போகுது" என்பார், இன்னொருவர் "அது டப்பா, அதை மட்டும் வாங்கிடாதீங்க" என்பார். இருவரும் கொடுத்த விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. வெளிக்கூடுகூட ஒன்றாகவே இருக்கலாம். உள்ளே இருப்பதுதான் வேறு. அதைப் பற்றிக் கடையிலும் வீட்டிலும் சொல்லப்படுபவற்றில் பாதிதான் சரி.

"மெல்லிசா இருந்தா சீக்கிரம் உடைஞ்சிடும்"

உடைவது உண்மை, ஆனால் காரணம் மெல்லிசு அல்ல. பெரும்பாலும் முதலில் போவது திரையைத் தாங்கும் கீல். கடைகளில் ஹிஞ்ச் என்பார்கள். கீல் இரும்புதான், அது உடையாது. அதைப் பிடித்திருக்கும் திருகுகள் பிளாஸ்டிக் குமிழ்களுக்குள் பதித்த சின்னப் பித்தளை மரைகளில் இறங்கியிருக்கும். திரையை எப்போதும் ஒரே மூலையைப் பிடித்துத் திறந்தால் முறுக்கு முழுவதும் ஒரு பக்கக் கீலில் விழுந்து, பித்தளை மரை பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இதற்கு முன்னறிவிப்பும் உண்டு. மூடும்போது கீலுக்குப் பக்கத்தில் உடம்பு லேசாக வாய் பிளக்கும், நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். அப்போதே ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி பழுதுபார்க்கும் கடைகள் பக்கம் கொண்டுபோனால் திருகை இறுக்கியோ எபாக்சி வைத்தோ சரிசெய்துவிடுவார்கள். "பரவாயில்லை, மூடுதே" என்று விட்டால் அடுத்து டிஸ்ப்ளே கேபிளும் சேர்ந்து போகும். பிளாஸ்டிக் குமிழ் வைத்த இரண்டரைக் கிலோ லேப்டாப்புக்கும் இதே கதிதான். நடுவில் பிடித்துத் திறங்கள்.

"64 ஜிபி போதும், போன்லயே அவ்வளவுதானே இருக்கு"

"டப்பா" என்று பெயர் வாங்கித் தருவதில் முதலிடம் இதற்குத்தான்.

மலிவு மாடல்களில் 64 ஜிபி என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் எஸ்எஸ்டி அல்ல, இஎம்எம்சி. மலிவு போன்களில் இருக்கும் அதே வகைச் சேமிப்புச் சில்லு. காகிதத்தில் அதன் உச்சவேகம் நொடிக்கு 400 எம்பி. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 550-ஐ ஒட்டி ஓடும், என்விஎம்இ வகை ஆயிரக்கணக்கில் போகும். ஆனால் வாங்கியவரை முதலில் வாட்டுவது வேகம் அல்ல, இடம். பெட்டியில் போட்ட 64, விண்டோஸ் எண்ணும் கணக்கில் 59.6 ஆகிவிடும். அதில் விண்டோஸே இருபது ஜிபிக்கு மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்டேட்டுக்கென்று ஏழு ஜிபி அளவுக்கு ஒதுக்கி வைப்பதும் உண்டு. ஆஃபீஸ், குரோம், வாட்ஸ்அப், சூம் என்று ஏற்றி முடித்தபின் மிச்சம் கைக்குட்டை அளவுதான். வருடாந்திரப் பெரிய அப்டேட் வரும்போது "இடம் போதவில்லை, பென்டிரைவ் செருகுங்கள்" என்று கேட்கும். செருகாவிட்டால் அப்டேட் நிற்கும்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தகுதி 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு. கடைக்காரர் அதைக் காட்டித்தான் "கம்பெனியே சொல்லிருக்கு சார்" என்பார். அந்த அளவு இருந்தால் விண்டோஸ் ஏறும். அதில் நாலு வருடம் படித்து முடிக்கலாம் என்று அந்தக் கம்பெனி எங்கும் சொல்லவில்லை.

"ராம் பத்தலைன்னா அப்புறம் ஏத்திக்கலாம்"

கடையில் சொல்லப்படும் பேச்சிலேயே அதிகம் செலவு வைப்பது இதுதான். மெல்லிசு ரகங்கள் பலவற்றில் ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். கழற்றி மாட்டும் ஸ்லாட் உயரத்தைத் தின்னும் என்பதால் அதை எடுத்துவிடுகிறார்கள். போர்டிலேயே பதிக்கும் எல்பிடிடிஆர் வகை மின்சாரமும் குறைவாக இழுக்கும். ஆக, இங்கே மெல்லிசின் மேல் பழி போடுவதில் நியாயம் உண்டு.

4 ஜிபியில் விண்டோஸும் குரோமில் ஏழெட்டு டேபும் திறந்தால் ராம் நிரம்பிவிடும். நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தைச் சேமிப்புச் சில்லில் எழுதி எழுதி எடுக்கும். அந்தச் சில்லு இஎம்எம்சியாக இருந்தால் இரண்டு ஓட்டைகளும் ஒன்றுசேரும். மவுஸ் நகரும், கிளிக் நகராது. "முதல் மாசம் நல்லாருந்துச்சு, அப்புறம் வைரஸ் வந்துடுச்சு" என்பதற்குப் பின்னால் அநேகமாக வைரஸ் எதுவும் இல்லை. அந்தக் கோபத்தில் ஏற்றும் இலவச கிளீனரும் ஆன்டிவைரஸும் இருக்கிற ராமையும் விழுங்கும்.

அதே கூட்டில் 8 ஜிபி ராமும் உண்மையான எஸ்எஸ்டியும் வைத்த மாடல் சில ஆயிரம் கூடுதல் விலையில் கிடைத்தால், கடனை வாங்கியாவது அதை வாங்கலாம் என்பது என் கட்சி. கடையில் கேட்க வேண்டியது, "ராம் ஸ்லாட்டில் இருக்கா, சால்டரா? எஸ்எஸ்டி மாட்டக் காலி எம்.2 ஸ்லாட் இருக்கா?" என்பதுதான். பதிலைக் கடைக்காரர் வாயிலிருந்து எடுக்காதீர்கள். மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். ஒரே பெயரில் ஐந்தாறு வகை விற்பார்கள்.

"ஐ3 போட்டிருக்கு, ரைசன் 7000 போட்டிருக்கு, புதுசு"

பெயர்ப்பலகையை நம்பி ஏமாறுவது சுலபம். கோர் ஐ3-என்305 என்பதும் கோர் ஐ3-1215யு என்பதும் ஒன்றல்ல. முன்னதில் இருக்கும் எட்டும் சிறிய, சிக்கன கோர்கள். பின்னதில் ஆறுதான், ஆனால் அதில் இரண்டு பெரிய கோர்கள். இன்டெல் 2023-லிருந்து லேப்டாப்புகளில் செலரான், பென்டியம் பெயர்களைக் கைவிட்டு வெறுமனே 'இன்டெல் ப்ராசஸர்' என்று போட்டது. ஸ்டிக்கர் மாறியது, வம்சம் மாறவில்லை. ஏஎம்டி பக்கம் ரைசன் 3 7320யு-வில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7330யு என்றால் ஜென் 3. முதல் இலக்கமான 7 பட்டியலில் ஏறிய வருடத்தைக் குறிப்பது, அவ்வளவுதான்.

இதனால் மலிவுச் சில்லு எல்லாமே மோசம் என்றும் இல்லை. நாலு கோர், ஆறு வாட் மட்டும் கொண்ட இன்டெல் என்100, அதே ஆறு வாட்டில் ஓடும் பழைய இரண்டு கோர் செலரான் என்4020-ஐவிடத் தாராளமாக மேல். நோட்ஸ் எடுக்க, வீடியோ பாடம் பார்க்க, கோடிங் பழக அது போதும். ஆட்டோகேடும் வீடியோ எடிட்டிங்கும் படிக்கப்போகிற பிள்ளைக்குப் போதாது.

"பத்து மணி நேரம் சார்ஜ் நிக்கும்"

இந்த ரகத்தில் 38 வாட்-ஹவர் பேட்டரி சகஜம். பத்து மணி நேரம் நிற்க வேண்டுமானால் திரை உட்பட மொத்தமே 3.8 வாட்டுக்குள் ஓட வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்து, லேப்டாப்பிலேயே சேமித்த வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் போகலாம். பகல் வெளிச்சத்தில், வைஃபையில், சூம் வகுப்பில் எட்டு வாட் இழுத்தால் ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது. இதில் பொய் இல்லை, கணக்கெடுத்த விதம் அப்படி.

"புதுசை மொதல்ல எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும்"

நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அவசியமே இல்லை, நிரம்பியதும் சார்ஜ் ஏறுவதை அதுவே நிறுத்திக்கொள்ளும். அதற்கு ஆகாதது, நூறு சதவீதத்தில் நாள்முழுக்கச் சூட்டில் கிடப்பது. 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பல மாடல்களில் உண்டு, எப்போதும் பிளக்கிலேயே வைப்பவர்கள் அதைப் போட்டுவிடலாம். மெத்தைமேல் வைத்து ஓட்டுவதையும் விடுங்கள். காற்று உள்ளே போகும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன.

"கை வெச்சா ஷாக் அடிக்குது, மாத்திக் கொடுங்க"

உலோக மேல்மூடி உள்ள மாடல்களில் இது அடிக்கடி வரும் புகார். வெறுங்காலோடு மொசைக் தரையில் உட்கார்ந்து, சார்ஜில் இருக்கும்போது மணிக்கட்டை வைத்தால் சுருசுருவென்று இருக்கும். இரைச்சலை அடக்க அடாப்டருக்குள் மின் இணைப்புப் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். மூன்று பின் பிளக்கும் வீட்டில் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் அது அப்படியே போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் கை வழியாகப் போகப் பார்க்கும். கம்பெனி அடாப்டரானால் ஆபத்து அநேகமாக இல்லை. சுரீரென்று உதறினால் கதை வேறு, உடனே கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே மிச்சம் பிடிக்கப்போய் இருநூறு ரூபாய் டூப்ளிகேட் அடாப்டர் வாங்குவதுதான் நிஜமாகவே ஆபத்து.

"இதுக்கு செகண்ட்ஸ்ல ஐ5 வாங்கலாம்"

பாதி சரி. கம்பெனிகள் கழித்துவிடும் பிசினஸ் லேப்டாப்புகளின் கீலும் கீபோர்டும் இந்த மெல்லிசு ரகத்தைவிடத் திடம். ராமும் பெரும்பாலும் ஸ்லாட்டில் இருக்கும். ஆனால் ஐ5 என்ற எழுத்தை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஆறு, ஏழாம் தலைமுறையை லினக்ஸ் போடத் தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.

வீட்டு மேசையைவிட்டு நகரப்போவதில்லை என்றால் எட்டாம் தலைமுறை செகண்ட்ஸையே நானும் சொல்வேன். தினமும் இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போகிற பிள்ளைக்கு அரைக் கிலோ வித்தியாசம் தோளில் தெரியும், அவருக்கு மெல்லிசுதான். செகண்ட்ஸ் வாங்குகிறவர்கள் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் விண்டோஸிலேயே இருக்கும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி பிறந்தபோது எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிகூட இல்லையென்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.