உப்புத் தண்ணியில ஊறவச்சா சாயம் நிக்குமா?

புதுத் துணி எடுத்தா எங்க புதூர்ல கிடைக்கிற முதல் அட்வைஸ்: "கல்லுப்பு போட்டு ஊறவை, சாயம் போகாது." ஹாஸ்டலிலும் இதேதான் ஓடுது. ஆனா கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் பல போர்களில் வர்றதே உப்புத் தண்ணி. உப்பு சாயத்தை நிறுத்தும்னா எங்க ஊர்ல ஒரு சட்டைகூட சாயம் போயிருக்கக் கூடாதே!

இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் சாயப் பட்டறையில் இருக்கு. இன்னைக்கு காட்டனுக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான். 1956-ல் ஐ.சி.ஐ. கம்பெனி 'புரோசியான்' என்ற பெயரில் இதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தண்ணிக்குள்ள காட்டன் நூலும் நெகட்டிவ் சார்ஜ், சாயமும் நெகட்டிவ் சார்ஜ், ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைச்சு, சாயத்தை நூலுக்குள்ள அனுப்பும். அதோட அதன் வேலை முடிஞ்சது. பிறகு சோடா ஆஷ் போட்டு காரத்தன்மையை ஏத்தினாதான் சாயம் செல்லுலோஸோட கோவலன்ட் பாண்ட் போடும்.

எல்லாச் சாயமும் அப்படிச் சேராது. ஒரு பங்கு தண்ணியோடவே ரியாக்ட் ஆகிடும். அதுக்கப்புறம் அதால பாண்ட் போட முடியாது. நூலில் சும்மா ஒட்டிக்கிட்டிருக்கும். பக்கெட்டில் இறங்குறது பெரும்பாலும் இதுதான். பட்டறையில் முதலில் உப்பை அலசி எடுத்துட்டு, கொதிக்கிற சூட்டில் சோப் வாஷ் கொடுத்து இதை வெளியேத்தணும். அங்கே குறைச்சா, மிச்சம் நம்ம வீட்டுக்கு வரும்.

அப்போ வீட்டில் என்ன பண்ணலாம்?

1. அடர் நிற காட்டனை முதல் சில தடவை தனியா, துணி தாங்குற சூட்டில், டிடர்ஜென்ட் போட்டுத் துவைங்க. பட்டுக்கு இது வேண்டாம்.

2. தண்ணி தெளிவா வர்ற வரை அலசுங்க. நல்ல தண்ணி கிடைச்சா நல்லது. உப்பும் கடினத்தன்மையும் இருந்தா ஒட்டியிருக்கிற சாயம் லேசில் விடாது.

3. ஈரத்தோட சுருட்டி வைக்காதீங்க. சாயம் பக்கத்து இடத்துக்குத் தாவும்.

4. ஈரமான வெள்ளைத் துணியால் உள்தையல் பக்கம் தேய்ச்சுப் பாருங்க. கறை விழுந்தா இன்னும் தனியாத்தான் துவைக்கணும்.

ஜீன்ஸ் வேற கேஸ். இண்டிகோ பாண்ட் போடுறதே இல்லை. நூலின் மேல்பக்கம் படிஞ்சு நிக்கும், உரசினா உதிரும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணியில் துவைச்சாப் போதும்.

பட்டறையில் போடுற உப்பும் துணியில் தங்குறதில்லை, கழிவுத் தண்ணியோட போயிடும். நொய்யல் ஆறு கெட்டதில் அந்த உப்புக்கும் பங்கு உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது இந்தக் கழிவால்தான். நம்ம பக்கெட் உப்பு அளவில் சின்னது. ஆனா வாசலில் கொட்டினா அதுவும் மண்ணுக்குத்தான் போகும். நம்ம கரிசலுக்கு இருக்கிற உப்பே போதும்.